கியாசம்பள்ளிக்காரர் கவர்னர் ஆன கதை

1965 பிப்ரவரியிலிருந்து 1966 ஜூன் வரை நம் நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. சென்னை கிண்டி ராஜ்பவனில் கவர்னராக உட்கார்ந்திருந்தவர் மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார். அதே சமயத்தில் போபால் ராஜ்பவனில் மத்தியப் பிரதேச கவர்னராக உட்கார்ந்திருந்தவர் கே.சி. ரெட்டி. யார் இந்த ரெட்டி? பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், அந்த மகாராஜாவின் அரண்மனை வாசலுக்கே போவோம் வாருங்கள் என்று ஊர் ஊராக ஜனங்களைக் கிளப்பிவிட்டவர். ராஜா இறங்கி வந்தார், ரைத்து (விவசாயி) வீட்டுப் பிள்ளை ஏறி வந்தார், இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே உத்தியோகம். மாதச் சம்பளம்கூட ஒன்றுதான், 5,500 ரூபாய்.

இதைக் கேட்டதும், டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் தம்பி (சொந்த ஊர் தருமபுரிப் பக்கம், இங்கே அத்திபெலே இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஷிப்ட் வேலை) கேட்டார்: “அப்ப கவர்னர்னா பெரிய ஆளா, சின்ன ஆளா சார்?”

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால் தப்பாகிவிடும். கே.சி. ரெட்டியின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால் பதில் தானாக வரும் என்று தோன்றியது. இன்னும் இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

முதலில், நாம் உட்கார்ந்திருக்கும் இடம். இன்றைக்கு அத்திபெலே என்றால் டோல்கேட், செக்போஸ்ட், லாரி வரிசை. காவிரித் தண்ணீர் சண்டை கிளம்பினால் வாட்டாள் நாகராஜ் வந்து நடுரோட்டில் உட்காரும் இடம். பந்த் அன்றைக்குத் தமிழ்நாட்டு பஸ் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் நடந்தே எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து வண்டி தேடுவார்கள். 1947க்கு முன்னால் இந்தக் கோட்டுக்கு இதைவிடக் கனம் அதிகம். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஓசூர் கம்பெனியார் கைக்குப் போய், சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. அது நேரடி வெள்ளைக்கார ஆட்சி. அத்திபெலேயும் ஆனேக்கல்லும் மைசூர் சமஸ்தானத்தில் தங்கின. இங்கே ராஜா ஆட்சி.

ஓசூர்க்காரருக்கு மேலே தாசில்தார், கலெக்டர், சென்னையில் கவர்னர், அதற்கும் மேலே வைஸ்ராய். ஏணி கண்ணுக்குத் தெரியும். அத்திபெலேக்காரருக்கு அமல்தார், திவான், மகாராஜா. இதில் வைஸ்ராய்க்கு இடமே இல்லை போலத் தோன்றும். ஆனால் பெங்களூரில் மேட்டின் மேல் ஒரு பெரிய பங்களாவில் ரெசிடென்ட் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். வைஸ்ராயின் ஆள். அவர் கையெழுத்துப் போட்டு எந்தச் சட்டமும் வராது, அவரிடம் யாரும் மனு கொடுக்கப் போகவும் மாட்டார்கள். ஆனாலும் அவர் காதில் போடாமல் அரண்மனையில் பெரிய காரியம் எதுவும் நடக்காது. 1896 முதல் சமஸ்தானம் பிரிட்டிஷாருக்கு வருடத்துக்கு 35 லட்சம் ரூபாய் கட்டிவந்தது. 1927இல்தான் அதில் பத்தரை லட்சம் குறைந்தது. அந்தப் பணம் ரைத்து கட்டும் கந்தாயத்திலிருந்து, அதாவது நில வரியிலிருந்து, வந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அந்தப் பங்களா இன்னும் இருக்கிறது. கமிஷனராக இருந்த மார்க் கப்பன் 1840களின் தொடக்கத்தில் கட்டியது. கப்பன் பார்க்குக்குப் பெயர் தந்த அதே கப்பன்தான். கமிஷனர் வீடு ரெசிடென்ட் வீடானது, சுதந்திரத்துக்குப் பிறகு கர்நாடக ராஜ்பவன் ஆனது. மூன்று பதவிகளுக்கும் ஒரே வீடு. உள்ளே இருப்பவரை வெளியூரிலிருந்து ஒருவர் அனுப்பிவைக்கிறார் என்ற ஏற்பாடும் மாறவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஓசூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தொரப்பள்ளி. அந்த ஊர் முன்சீப்பின் மகன் ராஜாஜி 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமர், 1947 ஆகஸ்ட் 15 அன்று மேற்கு வங்காள கவர்னர், அடுத்த ஜூனில் மவுன்ட்பேட்டன் எழுந்துபோன நாற்காலியிலேயே கவர்னர் ஜெனரல். ராஜாஜியைப் பற்றித் தமிழில் எழுதாதவர்கள் குறைவு. அதனால் நான் தொரப்பள்ளிக்குப் போகவில்லை, எதிர்த்திசையில் போகிறேன்.

மாலூர், பங்காருப்பேட்டை வழியாக வடகிழக்கே போனால் தங்கவயலுக்குப் பக்கத்தில் கியாசம்பள்ளி. கோலார் சீமையில் வற்றாத ஆறு கிடையாது, ஏரிதான் எல்லாம். ஏரி நிறைந்தால் நெல், அரைகுறையாக நின்றால் ராகி, அதுவும் பொய்த்தால் கூலிக்குப் போவது. பக்கத்திலேயே தங்கச் சுரங்கம். அதில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள். மேலே கொல்லைகளில் தெலுங்கும் கன்னடமும், கீழே சுரங்கத்தில் தமிழும் பேசிய சீமை அது. அங்கே 1902 மே 4 அன்று, உழவையே தொழிலாகக் கொண்ட ஒக்கலிகர் சமூகத்தில் பிறந்தவர் கியாசம்பள்ளி செங்கல்ராய ரெட்டி. சுருக்கமாகக் கே.சி. ரெட்டி.

ஏர் பிடித்தவரா என்றால், சட்டம் படித்தவர் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூரிலேயே கோட்டு போட்டுக்கொண்டு நின்றுவிடவில்லை. 1930இல் சில நண்பர்களோடு பிரஜா பக்ஷம் என்று ஒரு கட்சி ஆரம்பித்தார். அதன் கோரிக்கை இரண்டு. ஜனங்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சி வேண்டும், ரைத்தின் கஷ்டத்தை யாராவது எடுத்துப் பேசவேண்டும்.

இந்த இரண்டாவது கோரிக்கையில் என்ன புதுமை என்று தோன்றலாம். மைசூரில் சபை இல்லாமல் இல்லை. திவான் ரங்காச்சார்லு 1881இலேயே பிரஜா பிரதிநிதி சபையைத் தொடங்கிவிட்டார். முதல் கூட்டத்துக்கு 144 பேர் வந்தார்கள், நிலம் வைத்திருந்த ரைத்துகளும் வியாபாரிகளும். தசரா சமயத்தில் மைசூருக்கு வருவார்கள், திவான் கணக்கு வாசிப்பார், இவர்கள் எங்கள் ஊர் ஏரி உடைந்துகிடக்கிறது, கந்தாயம் கட்ட முடியவில்லை என்று சொல்வார்கள். கேட்கலாம், கெஞ்சலாம். தீர்மானிக்க முடியாது. திவானை இறக்க முடியாது. அப்புறம் 1917இல் பிரஜா மித்ர மண்டலி வந்தது. நம் ஊர் ஜஸ்டிஸ் கட்சியின் சாயல் கொண்ட பிராமணரல்லாதார் அமைப்பு. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்கள், அவர்கள் கண் சர்க்கார் வேலையில் இருந்தது. உலகப் பொருளாதாரச் சரிவில் விளைச்சல் விலை பாதாளத்துக்குப் போன 1930இல், கிராமத்தில் இருந்தவனுக்கு உத்தியோக ஒதுக்கீட்டால் என்ன பயன்? அந்த இடைவெளியில்தான் ரெட்டி கால் வைத்தார். 1934இல் இரண்டு அமைப்புகளும் ஒன்றாகிப் பிரஜா சம்யுக்த பக்ஷம் ஆனது. 1937இல் அது காங்கிரஸோடு கலந்தது. பெங்களூர் வக்கீல்கள் கட்சியாக இருந்த மைசூர் காங்கிரஸுக்குக் கிராமத்தில் வேர் கிடைத்தது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்த வருடமே விலை கொடுக்கவேண்டி வந்தது. சமஸ்தானத்தில் காங்கிரஸ் கொடி ஏற்றத் தடை. சிவபுரத்தில் ஏற்றினார்கள். பிறகு 1938 ஏப்ரல் 25 அன்று, ரெட்டியின் சொந்தக் கோலார் மாவட்டத்தில் அன்று இருந்த விதுராசுவத்தத்தில், ஜாத்திரைக்குக் கூடியிருந்த ஜனங்கள் மத்தியில் கொடிச் சத்தியாக்கிரகம். போலீஸ் சுட்டது. கர்நாடகத்தின் ஜாலியன்வாலா பாக் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். படேல் இறங்கிவந்து திவான் மிர்ஸா இஸ்மாயிலோடு பேசித்தான் நிலைமை தணிந்தது.

இப்போது 1947. ஆகஸ்ட் 9 அன்று மகாராஜா இந்தியாவோடு இணையக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு வயது 28. கர்நாடக சங்கீதத்தில் கீர்த்தனை இயற்றும் அளவுக்குத் தேர்ச்சி உள்ள மனிதர், கொடுங்கோலர் இல்லை. ஆனால் சமஸ்தானத்துக்குள் ஆட்சியை மந்திரிகளிடம் விட மட்டும் மனம் வரவில்லை, அல்லது விடவேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தவர்களில் முக்கியமானவர் நம் ஆள்: திவான் ஆற்காடு ராமசாமி முதலியார். ஜஸ்டிஸ் கட்சிப் பெரும்புள்ளி, ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் லட்சுமணசாமி முதலியாருடைய இரட்டைச் சகோதரர். உலகம் முழுக்க மரியாதை பெற்ற அந்த மனிதரைப் பெங்களூர்த் தெருக்களில் ‘ஆற்காட் பாய்காட்’ என்று கத்திக்கொண்டே போனார்கள். தமிழர் என்பதற்காக இல்லை, திவான் என்பதற்காக.

செப்டம்பர் 1 அன்று ‘மைசூர் சலோ’ தொடங்கியது. அரண்மனைச் சத்தியாக்கிரகம் என்றும் அதற்குப் பெயர். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, இங்கே திரும்பவும் மறியல், கைது, தடியடி. ரெட்டிதான் அப்போது மைசூர் காங்கிரஸின் தலைவர். மாணவர்களும் மில் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். இருபத்துநாலு நாளில், செப்டம்பர் 24 அன்று, மகாராஜா இறங்கி வந்தார். அக்டோபர் 25 அன்று கே.சி. ரெட்டி மைசூரின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்றார். வயது 45.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ரெட்டி மகாராஜாவை ஊரைவிட்டு ஓட்டவில்லை, ஓட்டச் சொல்லவும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ராஜா இருக்கட்டும், ஆனால் மந்திரிசபை சொல்கிறபடி கையெழுத்துப் போடட்டும். மந்திரிசபை ராஜாவுக்குப் பதில் சொல்லவேண்டாம், ஜனங்களின் சபைக்குப் பதில் சொல்லட்டும். பெயர் அளவுக்கு ஒருவர், அதிகாரத்துக்கு ஒருவர். 1950 ஜனவரி 26 முதல் மகாராஜாவுக்கு அதே வேலைக்குப் புதுப் பெயர் வந்தது, ராஜப்பிரமுகர். 1956 நவம்பரில் ராஜப்பிரமுகர் பதவியே ஒழிந்து, அவர் மைசூர் மாநில கவர்னர் ஆனார். 1964இல் சென்னைக்கு மாற்றல். மற்ற உத்தியோகஸ்தர்களைப் போல ஒரு மகாராஜாவும் மாற்றலாகிப் போனார்.

ரெட்டியின் முதலமைச்சர் காலம் 1952 மார்ச் வரை. பெங்களூர்த் தமிழர்களுக்கு அதில் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு காரியம் உண்டு. அல்சூர், சிவாஜிநகர் எல்லாம் சேர்ந்த தண்டுப் பகுதி, அதாவது கன்டோன்மென்ட், அதுவரை தனி நகரசபை. தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த அந்தப் பகுதியும் பழைய பேட்டைப் பகுதியும் 1949இல் ஒரே கார்ப்பரேஷன் ஆனது இவர் ஆட்சியில்தான். விதான சௌதாவுக்கு நேரு அடிக்கல் நட்டதும் (1951 ஜூலை) இவர் ஆட்சியில்தான். ஆனால் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருவது கெங்கல் அனுமந்தையா பெயர். திட்டத்தை மாற்றிப் பிரம்மாண்டமாகக் கட்டியவர் அவர் என்பதால் அது நியாயமும்கூட. அடிக்கல் நட்ட காலத்து முதலமைச்சரை யார் நினைக்கிறார்கள்?

முதல் பொதுத்தேர்தல் முடிந்ததும் அனுமந்தையா முதலமைச்சர் ஆனார், ரெட்டி டெல்லிக்குப் போனார். நேருவின் மந்திரிசபையில் முதலில் உற்பத்தித் துறை, பிறகு வீட்டுவசதி, பிறகு வணிகமும் தொழிலும். பத்து வருடத்துக்கு மேல் மந்திரி. இதை இத்தோடு தாண்டிவிடலாம்.

1965இல் கவர்னர். கிண்டிக்கு வந்த மகாராஜாவின் பதவியும் போபாலுக்குப் போன ரெட்டியின் பதவியும் ஒன்று என்று ஆரம்பத்தில் சொன்னேன். அந்தப் பதவி என்ன?

அரசியல் சட்டத்தில் 155ஆம் பிரிவு, கவர்னரை ஜனாதிபதி நியமிப்பார் என்கிறது. 157ஆம் பிரிவு கேட்கும் தகுதிகள் இரண்டே: இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும், 35 வயது நிறைந்திருக்கவேண்டும். பரீட்சை கிடையாது, ஓட்டு கிடையாது. ஐந்து வருடம் என்று பேச்சு, ஆனால் 156ஆம் பிரிவுப்படி ஜனாதிபதிக்கு விருப்பம் உள்ளவரைதான் இருக்கலாம். ஜனாதிபதி என்றால் மத்திய மந்திரிசபை என்று படித்துக்கொள்ளுங்கள். அரசியல் நிர்ணய சபையில் முதலில் கவர்னரையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் யோசித்தார்கள். 1949 மே கடைசியில் அது மாறியது. ஓட்டு வாங்கி வந்த முதலமைச்சர் ஒருவர், ஓட்டு வாங்கி வந்த கவர்னர் ஒருவர் என்று இருந்தால் தினமும் மல்லுக்கட்டுதான் என்று பயந்தார்கள். ஆகவே நியமனம். மைசூர் சார்பில் அந்தச் சபையில் உறுப்பினராக இருந்தவர்களில் கே.சி. ரெட்டியும் ஒருவர்.

கவர்னர் என்பவர் கல்யாணத்தில் தாலி எடுத்துக்கொடுக்கும் பெரியவர் மாதிரி. அவர் கை படாமல் காரியம் நடக்காது, ஆனால் பொண்ணு பார்த்தது அவர் இல்லை. முதலமைச்சருக்குப் பிரமாணம் செய்துவைப்பார். சட்டசபையில் ‘எனது அரசு’ என்று தொடங்கி, வேறு யாரோ எழுதிக்கொடுத்த உரையை வாசிப்பார். மசோதாவில் கையெழுத்துப் போடுவார். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டது இதைப் பார்த்துத்தான். சண்டை இல்லாத காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

சண்டை இல்லாத காலம் எப்படி இருக்கும் என்பதற்குக் கனடாவைப் பார்க்கலாம். அங்கே மாகாணத்துக்கு ஒரு லெப்டினன்ட் கவர்னர், அன்றைக்கு ராணியின் பெயரால். கிராண்ட் மெக்யுவன் என்பவர் மனிடோபாவில் பண்ணை வீட்டில் பிறந்தவர், ரெட்டி பிறந்த அதே 1902இல். கால்நடை வளர்ப்புப் பேராசிரியர், ஆல்பர்ட்டா லிபரல் கட்சித் தலைவர், கால்கரி நகர மேயர். 1966இல், ரெட்டி போபாலில் இருந்தபோது, ஆல்பர்ட்டாவின் லெப்டினன்ட் கவர்னர் ஆனார். எட்டு வருடம் இருந்தார். 1971இல் அங்கே முப்பத்தாறு வருட ஆட்சி மாறியது, அதுவும் தேர்தலில் தெளிவாக மாறியது. அவர் செய்யவேண்டியிருந்தது வென்றவருக்குப் பிரமாணம் செய்துவைப்பது மட்டும். மீதி நேரத்தில் மேற்குக் கனடாவின் சரித்திரத்தைப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். கொடுத்துவைத்த மனிதர்.

ரெட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய ஆறு வருடத்தில் போபாலில் நாலு முதலமைச்சர்கள்.

1967 ஜூலை. முதலமைச்சர் துவாரகா பிரசாத் மிஸ்ரா. காங்கிரஸின் சாணக்கியர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கும் குவாலியர் ராஜமாதா விஜயராஜே சிந்தியாவுக்கும் முட்டிக்கொண்டது. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் முப்பது பேருக்கு மேல் கோவிந்த் நாராயண் சிங் தலைமையில் கட்சி தாவ, பின்னால் நின்று நடத்தியவர் ராஜமாதா. (கட்சி தாவுகிறவர்களைக் கேலி செய்யும் ‘ஆயா ராம் கயா ராம்’ ஹரியானாவில் பிறந்ததும் அதே வருடம்தான்.) சட்டசபையில் அப்போது கல்வித் துறை மானியக் கோரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டெடுப்பு வந்தால் அரசு தோற்கும், மானியம் தோற்றால் மந்திரிசபை போகும். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இங்கேதான் ஒரு சின்னக் கையெழுத்தின் பலம் தெரியும். சபையை நாளைக்கு ஒத்திவைப்பது சபாநாயகர் வேலை. கூட்டத்தொடரையே முடித்துவைப்பது 174ஆம் பிரிவுப்படி கவர்னர் வேலை, அதுவும் முதலமைச்சர் சொன்னால். மிஸ்ரா சொன்னார், ரெட்டி கையெழுத்துப் போட்டார். விவாதம் பாதியில் நின்றது, ஓட்டெடுப்பு நடக்கவில்லை, உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனார்கள். தாவியவர்களை இழுத்துப் பிடிக்க முதலமைச்சருக்கு நாலு நாள் கிடைத்தது.

சட்டப்படி தப்பில்லை. மந்திரிசபை சொன்னதைக் கேட்பதுதானே கவர்னர் வேலை? ஆனால் எனக்கு இது உறுத்துகிறது. மந்திரி ஜனங்களின் சபைக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் 1947இல் அத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சபைக்கு முன் நிற்காமல் ஒரு மந்திரிசபை நழுவ, அந்தப் போராட்டத்தின் தலைவரே கதவைத் திறந்துவிட்டார். பலனும் இல்லை. நழுவியவர் தப்பவில்லை, அந்த மாதக் கடைசியிலேயே மிஸ்ரா ராஜினாமா செய்தார், கோவிந்த் நாராயண் சிங் முதலமைச்சர் ஆனார்.

இந்த ‘நாலு நாள் அவகாசம்’ வியாதி நம்மோடு நிறைய காலம் இருந்தது. 1989 ஏப்ரலில் பெங்களூரில், அந்தக் கப்பன் பங்களாவில் இருந்த கவர்னர், முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மைக்குப் பெரும்பான்மை போய்விட்டது என்று டெல்லிக்கு எழுதினார். சபையில் எண்ணிப் பார்க்க விடுங்கள் என்று பொம்மை கேட்டது எடுபடவில்லை, ஆட்சி போனது. 1994இல் உச்ச நீதிமன்றம் பொம்மை வழக்கில் சொன்னது, தலையை எண்ணும் இடம் சட்டசபைதான், ராஜ்பவன் இல்லை. 2018 மே மாதம் அதே ராஜ்பவன் எடியூரப்பாவுக்குப் பெரும்பான்மை காட்ட 15 நாள் கொடுத்தபோது, உச்ச நீதிமன்றம் அதை வெட்டி, மறுநாளே காட்டுங்கள் என்றது. ஓட்டெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமா செய்துவிட்டார். தம்பிக்கு இது ஞாபகம் இருந்தது. எம்.எல்.ஏ.க்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ரிசார்ட் ரிசார்ட்டாகப் போனதை டிவியில் பார்த்திருக்கிறார்.

ரெட்டியிடம் திரும்புவோம். 1969 மார்ச்சில் கோவிந்த் நாராயண் சிங்கின் கூட்டணி உடைந்தது. அவருக்கு அடுத்து வந்தவர் ராஜா நரேஷ் சந்திர சிங், சாரங்கட் சமஸ்தானத்தின் கடைசி ராஜா, மத்தியப் பிரதேசத்தின் முதல் ஆதிவாசி முதலமைச்சர். பதிமூன்று நாள் இருந்தார். தாவிப் போனவர்கள் திரும்பவும் காங்கிரஸுக்குத் தாவிவர, அவரிடம் எண்ணிக்கை இல்லாமல் போனது. சபையைக் கலைத்துத் தேர்தல் வையுங்கள் என்று கவர்னரிடம் கேட்டார்.

பாருங்கள், இந்த முறையும் கேட்பவர் முதலமைச்சர்தான், சொன்னால் கேட்கவேண்டியவர் கவர்னர்தான். ஆனால் 1967க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பெரும்பான்மை கையில் இல்லாத முதலமைச்சர் சொல்வதை, சபை சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியாது. காங்கிரஸ் சார்பில் ஷ்யாமா சரண் ஷுக்லாவிடம் ஆள் இருந்தது. ரெட்டி சபையைக் கலைக்க மறுத்து ஷுக்லாவை அழைத்தார். ரெட்டி பழைய காங்கிரஸ்காரர், காங்கிரஸுக்குச் சாதகமாகச் செய்தார் என்று சொல்லலாம், சொல்லாமலும் இருந்திருக்க மாட்டார்கள். நான் அவர் பக்கம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் தேர்தல் நடந்திருக்கிறது, எண்ணிக்கையோடு இன்னொருவர் வாசலில் நிற்கிறார், அப்புறம் எதற்குக் கலைப்பது?

இந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கனடாவிலேயே ஒரு கதை உண்டு. 1926இல் பிரதமர் மெக்கன்சி கிங் நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொன்னார். கவர்னர் ஜெனரல் பிங் மறுத்து, எதிர்க்கட்சித் தலைவர் மீகனை அழைத்தார். மீகனின் ஆட்சி சில நாளில் சபையில் கவிழ்ந்தது, தேர்தல் வந்தது, கிங் திரும்ப ஜெயித்தார், பிங் தலை குனியவேண்டி வந்தது. அழைத்தவருக்கு எண்ணிக்கை நிற்காவிட்டால் கவர்னரின் நியாயமும் நிற்காது. யாரை அழைக்கிறோம் என்பதில் கணக்குத் தப்பக்கூடாது.

ஆக, தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். பெரிய ஆளா, சின்ன ஆளா? சபையில் எண்ணிக்கை தெளிவாக இருக்கும்வரை கவர்னர் சின்ன ஆள், மகாராஜாவாகவே இருந்தாலும். எண்ணிக்கை ஆடத் தொடங்கிய அன்றைக்குப் பெரிய ஆள், கியாசம்பள்ளிக் கிராமத்தானாக இருந்தாலும். எப்போது பெரியவராக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யத் தொடங்கினால்தான் தொல்லை. 1969 செப்டம்பரில் சென்னையில் கலைஞர் அரசு ராஜமன்னார் குழுவை நியமித்தது, கவர்னர் நியமனத்தில் மாநில மந்திரிசபையையும் கலந்து செய்யுங்கள் என்று அந்தக் குழு பிறகு சொன்னது. டெல்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் கிண்டியில் நடந்த பஞ்சாயத்துகள் உங்களுக்கே தெரியும்.

“விவசாயி கவர்னர் ஆகணும்னா என்ன பண்ணணும்?” என்று தம்பி கடைசியாகக் கேட்டார். டெல்லியில் இருப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி ஏதாவது செய்திருக்க வேண்டும், அவர்களுக்குத் தொந்தரவு தராதவராகவும் இருக்கவேண்டும் என்றேன். ரெட்டியிடம் முதலாவது நிறைய இருந்தது. இரண்டாவது, பத்து வருட மந்திரி வேலையில் வந்துசேர்ந்திருக்கும்.

1971 மார்ச்சில் அவர் போபாலை விட்டுக் கிளம்பினார், 1976 பிப்ரவரியில் காலமானார். அவர் அழைத்த ஷுக்லாவின் ஆட்சி 1972 ஜனவரி வரை நின்றது.